ஏற்காட்டில் நிலமா, சேலத்தில் வாடகை வீடா?

நீங்கள் கேட்டிருப்பது இது. பெங்களூருவில் கணவன் மனைவி இருவருக்கும் ஐடி வேலை. ஒருவருக்கு முழுக்க வீட்டிலிருந்தே வேலை, இன்னொருவர் வாரம் இரண்டு நாள் அலுவலகம் போயே ஆக வேண்டும். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், சர்க்கரையும் லேசான மூச்சிரைப்பும் உள்ள அம்மா. வாடகையும் டிராஃபிக்கும் தாங்கவில்லை. ஏற்காட்டில் அரை ஏக்கர் விலைக்கு வந்திருக்கிறது; அதை வாங்கி வீடு கட்டிப் போய்விடலாமா, இல்லை சேலத்திலேயே இருந்துவிடலாமா, மாதச் செலவு எவ்வளவு குறையும்? கேள்வி செலவைப் பற்றியது மாதிரித் தெரிகிறது. ஆனால் போன இடத்தில் நிலைத்து இருக்க முடியுமா, இரண்டு வருடத்தில் பெட்டி படுக்கையோடு திரும்ப வேண்டியிருக்குமா என்பதுதான் உங்கள் உள்ளே இருக்கும் பயம் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் சேலத்தில் இருபது வருடத்துக்கும் மேலாகக் கட்டடப் பொறியாளர். வரைபடம் போடுவது, அனுமதி வாங்கித் தருவது, வீடு கட்டிக்கொடுப்பது என் பிழைப்பு, மலைமேலும் கட்டியிருக்கிறேன். நிலம், தண்ணீர், சுவர், வெயில் பற்றி நான் சொல்வதைத் தொழில்காரன் பேச்சாக எடுத்துக்கொள்ளலாம். பள்ளி, ஆஸ்பத்திரி, அக்கம்பக்கம் பற்றிச் சொல்வது இந்த ஊரில் குடும்பம் நடத்துகிறவன் பேச்சு, அவ்வளவுதான். சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: மலையடிவாரத்தில் வாடகைக்கு வாருங்கள், சித்திரை வைகாசி உள்படக் குறைந்தது ஒரு வருடம் இருந்து பாருங்கள், அந்த அரை ஏக்கரை இப்போது தொடாதீர்கள். காரணங்கள் கீழே.

முதலில் வெயில். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சேலம் 280 மீட்டர் சுமாரில். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அந்தக் கணக்கில் நீங்கள் இப்போது இருக்கும் இடத்தைவிட சேலம் நான்கு டிகிரி சூடு, ஏற்காடு நான்கு டிகிரி குளிர்ச்சி. காகிதத்தில் நான்கு என்பது சின்ன எண். ஏப்ரல் கடைசியில் 40 டிகிரியைத் தொட்டுவிட்டு, இரவு பதினொரு மணிக்கும் சுவர் சுடும்போதுதான் அது என்னவென்று தெரியும். ஊரைச் சுற்றி மலைகள்: வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, வடகிழக்கே சேர்வராயன். பார்க்க அழகு. ஆனால் கடல்காற்று எட்டாத கிண்ணம் இது. சென்னைக்காரர்களுக்கு சேலத்து வெயில் 'பரவாயில்லை, பிசுபிசுப்பு இல்லை' என்று தோன்றும். பெங்களூருவிலிருந்து வருகிறவர்கள்தான் முதல் கோடையில் திணறுகிறார்கள். டிசம்பரில் வந்து வீடு பார்த்து, மார்கழிக் குளிரில் மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதனால் வாடகை வீடு பார்க்கும்போது மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் போர்ஷனை எடுக்காதீர்கள். அது எப்போதும் இரண்டாயிரம் மூவாயிரம் குறைவாக வரும். குறைவதற்குக் காரணம் இருக்கிறது. கான்கிரீட் கூரை பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு இரவில் உங்கள் மேல் இறக்கும். மாடியில் வெள்ளை கூல் டைல் ஒட்டியிருக்கிறதா, மேற்குச் சுவரில் படுக்கையறை இருக்கிறதா, அந்தப் பக்கம் மரமோ பக்கத்து வீடோ நிழல் தருகிறதா என்று பாருங்கள். மத்தியானம் மூன்று மணிக்குப் போய் மேற்குச் சுவரை உள்பக்கம் கையால் தொட்டுப் பார்த்தால் போதும், என்னைப் போன்ற ஆள் தேவையில்லை.

அடுத்தது தண்ணீர். என்னைக் கேட்டால் சேலத்தில் ஒரு வீட்டின் விலையையும் வாடகையையும் விட முக்கியமான கேள்வி 'நல்லதண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது' என்பதுதான். மாநகராட்சிக் குடிநீர் மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர். தண்ணீரின் தரம் நன்றாகவே இருக்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பல பகுதிகளில் அது தினமும் வராது. சில நாள் இடைவெளி விட்டு வரும், எத்தனை நாள் என்பது தெருவுக்குத் தெரு மாறும், கோடையில் இன்னும் தள்ளிப்போகும். தண்ணீர் வருகிற அன்று வீட்டில் யாராவது ஒருவர் விடிவதற்கு முன்பே எழுந்து குழாய் எப்போது மூச்சு விடும் என்று காத்திருந்து தரைத்தொட்டியை நிரப்ப வேண்டும். காற்று முதலில் புஸ்ஸென்று வரும், அப்புறம் கலங்கலாகக் கொஞ்சம் வரும், அதை விட்டுவிட்டுத்தான் தொட்டிக்குத் திருப்புவார்கள். தொட்டி பெரிதாக இருந்தால் இந்த வேலை ஒரு வேலையே இல்லை. ஆயிரம் லிட்டர் சம்ப் வைத்த வீட்டில் ஐந்து பேர் இருந்தால் தினமும் அதைப் பற்றியே பேச்சாக இருக்கும். ஆகவே வீட்டுக்காரரைக் கேட்காமல், எதிர்வீட்டு அம்மாவைக் கேளுங்கள். வீட்டுக்காரர் 'தண்ணிப் பிரச்சினையே கிடையாது சார்' என்றுதான் சொல்வார்.

குளிக்க, துவைக்க போர் தண்ணீர். இங்கே பூமிக்குக் கீழே கடினப் பாறை. பாறையில் வெடிப்பு இருக்கும் இடத்தில் மட்டும்தான் தண்ணீர். அதனால் ஒரு வீட்டில் 300 அடியில் பொங்கி வரும், பக்கத்து மனையில் 900 அடி போயும் தூசிதான் பறக்கும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கு அடிக்கணக்கில் காசு, ஆழம் கூடக் கூட அடிக்கு விலையும் கூடும், தண்ணீர் வராவிட்டாலும் காசு காசுதான். வந்த தண்ணீரும் பல இடத்தில் உப்புத்தண்ணி. பாத்திரத்தில் வெள்ளை படியும், ஹீட்டர் காயில் சீக்கிரம் போகும், முடி கொட்டுகிறது என்று வீட்டில் புகார் வரும். மாவட்டத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடும் கூடுதல். அது நாக்குக்குத் தெரியாது, அதனால் ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சொற்பக் கட்டணத்துக்குப் பரிசோதித்துத் தருவார்கள். வாடகை வீட்டுக்குப் போய் யாரும் இதைச் செய்வதில்லை. வாங்கப்போகும் வீட்டுக்குக்கூடச் செய்வதில்லை, அதுதான் ஆச்சரியம்.

எந்தப் பகுதி? உங்கள் தேவை மலைக்குப் பக்கம், கொஞ்சம் பச்சை, ஆஸ்பத்திரியும் பள்ளியும் எட்டும் தூரம். அப்படியென்றால் கன்னங்குறிச்சி, கோரிமேடு, சின்னகொல்லப்பட்டி, அஸ்தம்பட்டியின் வடக்குப் பக்கம். கன்னங்குறிச்சியில் மூக்கனேரி இருக்கிறது. சாக்கடையும் ஆகாயத்தாமரையுமாகக் கிடந்த ஏரியை 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் கூடித் தூர்வாரினார்கள். அள்ளிய மண்ணைக் குவித்து ஏரிக்குள்ளேயே திட்டுகள் போட்டு மரம் வைத்தார்கள். இன்று அந்தத் திட்டுகளில் பறவைகள். மாலையில் கரையில் நின்றால் எதிரே சேர்வராயன் மலை. கோரிமேட்டைத் தாண்டினால் அடிவாரம், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஏற்காடு. உங்களுக்கு வேண்டிய இயற்கை ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கு முன்பே கிடைத்துவிடும். பேர்லேண்ட்ஸ், அழகாபுரம், சொர்ணபுரி எல்லாம் வசதியான பகுதிகள்தான், ஆனால் அங்கே கொடுக்கும் வாடகைக்கு மலை தெரியாது, கடைகள்தான் தெரியும்.

வீடு பார்க்க வேலைநாளில் போங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சேலம் தறி ஊர். அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் சந்துக்குச் சந்து விசைத்தறி. ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் கூட்டிப்போனால் தெரு அமைதியாக இருக்கும், வாடகையும் சல்லிசாக இருக்கும். திங்கட்கிழமை காலை தறி ஓட ஆரம்பித்தால் வீடியோ மீட்டிங்கில் நீங்கள் பேசுவது எதிர்ப்பக்கம் கேட்காது. பிறந்ததிலிருந்து கேட்கிறவர்களுக்கு அது சத்தமே இல்லை, தறி நின்றால்தான் தூக்கம் கலையும். உங்களுக்கு அப்படி இருக்காது. அதேபோல மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கங்கள் உண்டு, தூசி எவ்வளவு என்பதைக் காய்ந்துகொண்டிருக்கும் துணியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். செட்டிச்சாவடியில் மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு இருக்கிறது. அதன் காற்றுப்பக்கம் இருக்கும் மனைகளில் விளம்பரப் பலகை 'மலை அடிவாரத்தில் வசந்த வாழ்க்கை' என்று சொல்லும், கிடங்கைச் சொல்லாது. அம்மாவுக்கு மூச்சிரைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இந்த இரண்டையும் லேசாக எடுக்காதீர்கள்.

செலவு. உங்கள் 38,000 ரூபாய் வாடகை இங்கே பாதிக்கும் கீழே வரும், அதே அளவு வீட்டுக்கு. இது என் கண்முன் நடக்கும் வாடகைப் பேச்சுகளை வைத்துச் சொல்வது. பகுதியைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும். காய்கறி உழவர் சந்தையில் வாங்கினால் குறையும். மளிகை மாதத்துக்கொருமுறை செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மொத்தமாக எடுத்தால் இன்னும் குறையும். வீட்டு வேலைக்கு ஆள், பெயிண்டர், எலக்ட்ரீஷியன் எல்லாம் பெங்களூரு கூலியில் இல்லை. ஆனால் குறையாதவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: பெட்ரோல், தனியார் பள்ளிக் கட்டணம், தனியார் ஆஸ்பத்திரி பில், ஆன்லைனில் வாங்குவது, இன்சூரன்ஸ் எதுவும் ஊரைப் பார்த்துக் குறையாது. ஏசி புதிதாகச் சேரும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம், அப்புறம் படி ஏற ஏற யூனிட் விலை ஏறும். மூன்று ஏசி ஓடும் மே மாத பில்லைப் பார்த்து 'இலவசம் என்றார்களே' என்று கேட்கக் கூடாது. அப்புறம் பெங்களூரு போய்வரும் செலவு. எல்லாம் கழித்தாலும் மிச்சம் இருக்கும் என்பது உறுதி. ஆனால் 'செலவு மூன்றில் ஒன்றாகிவிடும்' என்று உங்களுக்குச் சொன்ன நண்பர் வாடகையை மட்டும் பார்த்திருக்கிறார்.

நிலம் மட்டும் மலிவில்லை. சேலத்தில் வாடகைக்கும் மனை விலைக்கும் சம்பந்தமே இருக்காது. ஊர்ப்பணம், வெள்ளித் தொழில் பணம், தறிப் பணம், ஜவ்வரிசி ஆலைப் பணம் எல்லாம் நிலத்தில்தான் போய் உட்காரும். ஒரு மனைக்குக் கொடுக்கும் தொகையின் வட்டியில் அதே தெருவில் அதைவிட நல்ல வீட்டில் வாடகைக்கு இருந்துவிட்டு மிச்சமும் பிடிக்கலாம். மேலே பதிவுச் செலவு வேறு: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பிடிக்கவில்லை என்று ஒரு வருடத்தில் விற்றால் அந்த ஒன்பது சதவீதம் போனது போனதுதான். விலை ஏறுமா என்று கேட்டால் எனக்கு ஜோசியம் வராது.

வாரம் இரண்டு நாள் பெங்களூரு என்பதைப் பார்ப்போம். தூரம் சுமார் 200 கிலோமீட்டர், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக நான்குவழிச் சாலை. அலுவலகம் எலக்ட்ரானிக் சிட்டியில் என்றால் இது நடக்கிற காரியம். ஓசூர்ப் பக்கமே இருப்பதால் ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை. ஒயிட்ஃபீல்டோ மான்யதாவோ என்றால் சேலத்திலிருந்து ஓசூர் வருவதற்கு ஆகும் நேரத்தில் பாதியை ஓசூரிலிருந்து ஆபீஸ் போகவே செலவழிப்பீர்கள். 2023 டிசம்பர் கடைசியில் தொடங்கிய கோவை–பெங்களூரு வந்தே பாரத் சேலத்தில் நிற்கிறது. ஆனால் அது காலையில் கோவையிலிருந்து கிளம்பி வருகிற வண்டி, ஒன்பது மணி ஆபீசுக்கு உதவாது. முந்தின நாளே போய்த் தங்கி, மறுநாள் மத்தியானம் அதில் திரும்பலாம். இரவு பஸ்ஸும் இரவு ரயிலும் தாராளமாக இருக்கின்றன. வாரம் இரண்டு நாளை அடுத்தடுத்த நாள்களாக அமைத்துக்கொள்ள மேனேஜர் சம்மதித்தால் ஒரு இரவு மட்டும் அங்கே தங்கினால் போதும். இதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். காரில் போனால் தொப்பூர் கணவாயில் இரவில் அவசரப்படாதீர்கள், அந்த இறக்கத்தில் லாரி பிரேக் பிடிக்காமல் நடக்கும் விபத்துகளை ஊரே அறியும். விமானத்தை நம்பித் திட்டம் போட வேண்டாம். ஓமலூர் அருகே காமலாபுரத்தில் விமான நிலையம் உண்டு, 2023 அக்டோபரில் மறுபடி சேவை தொடங்கியது. 'மறுபடி' என்றாலே அதற்கு முன்னால் நின்றிருக்கிறது என்றுதானே அர்த்தம். இன்னொன்று, இரண்டு வேலையில் ஒன்று போய்விட்டால் இங்கே அதே சம்பளத்துக்கு வேலை கிடைப்பது கஷ்டம். ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் ஐடி பூங்கா இருக்கிறது என்பது உண்மை, பெங்களூரு அளவுக்கு அங்கே கம்பெனிகளை எதிர்பார்க்க முடியாது என்பதும் உண்மை.

இனி ஏற்காடு. நீங்கள் பார்த்த ஏற்காடு ஏரி, லேடிஸ் சீட், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக், அதன் நிழலில் காப்பிச் செடி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து அந்த மலை தோட்டக்காரர் மலை. அங்கே குடியிருப்பது எப்படி என்றால், அக்டோபர் நவம்பரில் துணி மூன்று நாள் ஆனாலும் காயாது. வடக்குச் சுவரில் கரும்பச்சைப் பூஞ்சை ஏறும், அலமாரிக்குள் தோல் செருப்பு வெள்ளை பூத்துக் கிடக்கும், பிளைவுட் கதவு உப்பி மூடாது. நான் அங்கே வீடு கட்டும்போது கீழே போடுவதைவிட அடித்தள மட்டத்தை உயர்த்தி, ஈரம் ஏறாத அடுக்கு போட்டு, மலைச்சரிவுப் பக்கம் சுவரை ஒட்டி மண் இல்லாமல் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் வடிகால் விடுகிறேன். அதைச் செய்யாமல் மண்ணை வெட்டி அதிலேயே சாய்த்துக் கட்டிய வீடுகளில் சுவர் வருடம் முழுக்க வியர்க்கும். சிமெண்ட், கம்பி, மணல் எல்லாம் மலை ஏற வண்டி வாடகை தனி. கீழே ஆகும் கட்டுமானச் செலவை வைத்து அங்கே பட்ஜெட் போட முடியாது.

மழை அவ்வளவு பெய்தும் கோடையில் அங்கேயும் தண்ணீர் தட்டுப்பாடு வரும், மலைமேல் லாரித் தண்ணீர் என்பது நம்ப முடியாவிட்டாலும் உண்மை. காற்றடித்தால் கிளை ஒடிந்து லைனில் விழும், கரண்டும் ஃபைபரும் சேர்ந்து போகும். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவருக்கு இது எப்படி என்று யோசியுங்கள். காட்டெருமைகள் தோட்டங்களுக்குள் வருவது இப்போது சகஜம். இரவில் கேட்டைத் திறக்கும்போது டார்ச் அடித்துப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். மே மாதக் கோடை விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏற்றம், குப்பனூர் வழியாக இறக்கம் என்று ஒருவழிப்பாதை ஆக்குவார்கள். உங்கள் வீட்டுக்கு நீங்களே வரிசையில் நின்று போக வேண்டியிருக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. எப்போதாவதுதான் அப்படி நடக்கும் என்பது சரி. ஆனால் அந்த நாளில் அம்மாவுக்கு மூச்சுத் திணறினால்? மலைமேல் அரசு மருத்துவமனை இருக்கிறது, பெரிய வைத்தியம் என்றால் இறங்கித்தான் ஆக வேண்டும். கீழே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளும் உள்ளன. கன்னங்குறிச்சியிலிருந்து ராத்திரி நேரத்தில் கால் மணி, இருபது நிமிடம். குளிரும் ஈரமும் அவர் மூச்சுக்கு ஆகுமா, சேலத்துத் தூசி ஆகுமா என்பதை அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள், அதில் நான் வாய் திறக்கக் கூடாது.

இப்போது அந்த அரை ஏக்கர். விளம்பரத்தில் 'ஃபார்ம் லேண்ட், உடனடிப் பதிவு, வீடு கட்டிக்கொள்ளலாம்' என்று இருந்ததாக எழுதியிருந்தீர்கள். மூன்றும் ஒரே நிலத்தில் சேர்ந்து வருவது அபூர்வம். அனுமதி பெறாத வீட்டுமனைகளைப் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவு தடை போட்டதிலிருந்து, மனையாக விற்க முடியாததைப் பண்ணை நிலமாக விற்கும் வழக்கம் பெருகிவிட்டது. பதிவாகும். ஆனால் பதிவானதாலேயே கட்ட அனுமதி கிடைக்காது. ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வரும் இடம், ஹாகா என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அங்கே நகரமைப்பு அனுமதிக்கு முன் வனத்துறை, கனிமவளம், வேளாண் பொறியியல் துறைகளின் கருத்து கேட்பார்கள்: சரிவு எவ்வளவு, மண் நிற்குமா, காப்புக்காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று. 'பஞ்சாயத்தில் பேசிக்கலாம் சார்' என்று புரோக்கர் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். பெரிய மரம் வெட்டவும் அனுமதி வேண்டும், உங்கள் சொந்த நிலத்து மரமானாலும் சரி.

பட்டாவை மட்டும் பார்க்காதீர்கள். மலையில் மலையாளி எனப்படும் பழங்குடி மக்களுக்கு (கேரளத்து மலையாளிகள் இல்லை) அரசு ஒப்படை செய்த நிலங்கள் நிறைய. கண்டிஷன் பட்டா என்பார்கள், நிபந்தனையை மீறிக் கைமாறியிருந்தால் எத்தனை கை மாறியிருந்தாலும் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள், குறைந்தது முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், தாய்ப்பத்திரத்தின் ஒரிஜினலைக் கையில் வாங்கிப் படியுங்கள், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தோடு போய்ச் சர்வேயரை வைத்து அளந்து கல் நடுங்கள். அப்புறம் பாதை. தோட்டத்தைப் பிரித்து விற்கும்போது உங்கள் துண்டுக்குப் போகும் வழி வேறொருவர் தோட்டத்துக்குள் போகும். இன்று அவர் நல்லவர், நாளை அவர் மகன் கேட் போடுவார். பத்திரத்தில் வழி எழுதியிருக்க வேண்டும், எத்தனை அடி அகலம் என்பதோடு. இதில் எதையும் வாய்ச்சொல்லில் விடக் கூடாது.

மகள் விஷயத்தில் ஒன்று. பெங்களூருவில் அவள் கன்னடமோ இந்தியோ இரண்டாம் மொழியாகப் படித்திருப்பாள். இங்கே 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்குப் பேச்சு வந்துவிடும், எழுத்துத்தான் இடிக்கும். மூன்றாம் வகுப்பு என்பது நல்ல வயது, இப்போதே எழுத்துப் பழக்கினால் ஒரு வருடத்தில் பிடித்துவிடுவாள். ஏழாம் வகுப்பில் வந்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

அக்கம்பக்கம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வீடு கேட்டுப் போனால் 'நீங்க என்ன ஆளுங்க' என்று முகத்துக்கு நேரே கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கறி சமைப்பீர்களா என்று கேட்பார்கள். பெங்களூருவிலும் இது இல்லாமல் இல்லை, அங்கே ஆங்கிலத்தில் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். எனக்கு இது பிடிக்காது, ஆனால் ஊரை மறைத்துச் சொல்லி உங்களை வரவழைக்க விருப்பமில்லை. இன்னொரு பக்கமும் உண்டு. குடிவந்த மறுவாரமே பக்கத்து வீட்டில் மாம்பழம் கொண்டுவந்து தருவார்கள், அம்மா தனியாக இருந்தால் எட்டிப் பார்ப்பார்கள். ஆடிப் பண்டிகையில் கோட்டை மாரியம்மன் திருவிழாவும், குகை என்ற பகுதியில் வேடமிட்டவர்கள் வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கையும் வரும்போது வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு மகளைக் கூட்டிப்போங்கள். மாலையில் தட்டுவடை செட் கடை ஒன்றில் நாலு நாள் நின்றால் தெருவில் உங்களுக்கு ஆள் பழக்கம் வந்துவிடும்.

கார் கர்நாடகப் பதிவெண் என்றால், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கும் வண்டிக்குத் தமிழ்நாட்டுப் பதிவு வாங்க வேண்டும். அங்கே தடையில்லாச் சான்று, இங்கே வரி. அந்த வரியையும் ஊர் மாறும் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள், எல்லோரும் மறப்பது இதைத்தான்.

அந்த அரை ஏக்கருக்கு டோக்கன் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள், விற்றுப்போனால் போகட்டும், மலையில் விலைக்கு இடம் வராமல் போன வருடம் ஒன்றுகூட இல்லை. கொடுத்துவிட்டீர்கள் என்றால் கிரய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் 'கட்டட அனுமதி மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அந்த வரிக்குச் சம்மதிக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். மேற்கொண்டு என்ன செய்வது என்று பேசலாம்.